நன்றாக நிற்கும் கார்

சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்ததிலிருந்து கோடை விழா வரைக்கும், கொட்டச்சேட்டில் காலை பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் ரைட்டர் தனபாலின் கார் வருவதைக் கண்டால் டீக்கடைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொள்வார்கள். வேறு எந்த வண்டி வந்தாலும் கை காட்டுவார்கள். பால் வண்டியின் பின்னால் கேன்களுக்கு நடுவே ஒற்றைக் காலில் நின்றுகூட ஏற்காட்டுக்குப் போவார்கள். தனபாலின் காரில் மட்டும் ஏறமாட்டார்கள். இத்தனைக்கும் அவர் காசு வாங்குவதில்லை. கதவைத் திறந்துவிட்டு "வாங்க, வாங்க" என்று உபசரிக்கிறவர். குடிக்காதவர், வேகமாக ஓட்டாதவர். எங்கள் பக்கத்தில் வேறு எந்தக் காரிலும் இல்லாத அளவுக்கு நல்ல பிரேக் அவருடைய காரில் இருந்தது. ஜனங்கள் பயந்தது அதற்குத்தான்.

தனபாலுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. கொட்டச்சேட்டுக்கு மேலே இருக்கும் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடுவது, யார் களை வெட்டுவது, யார் மிளகுக்கொடி கட்டுவது என்று பிரித்து அனுப்புவது, பிறகு காடு காடாகப் போய் அனுப்பியவர்கள் அங்கே இருக்கிறார்களா என்று பார்ப்பது அவருடைய வேலை. அவருடைய அப்பா அதே எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரங்களில் ஏறி, காப்பிச் செடிக்கு நிழல் அதிகமாகாமல் கிளை கழித்தவர். மகன் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிற வேலைக்கு வந்தது குடும்பத்துக்குப் பெரிய முன்னேற்றம். கீழே நின்று பார்க்கிறவருக்கு வரக்கூடிய குணமெல்லாம் தனபாலுக்கும் வந்திருந்தது. எதையும் அலசி ஆராயாமல் செய்யமாட்டார். ஒரு டார்ச் லைட் வாங்கவேண்டும் என்றால் சேலத்தில் பார்க்காத கடை இருக்காது. வாங்கி வந்த பிறகு, தான் வாங்காமல் விட்ட டார்ச்சுகளில் என்னென்ன குறை என்று ஒரு வாரம் விளக்கிக்கொண்டிருப்பார்.

அவருடைய மனைவி மலர் ஏற்காடு அரசு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். ஒரே மகன் சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். மலரைக் காலையில் ஏற்காட்டில் விட்டுவிட்டுச் சாயங்காலம் அழைத்து வருவதற்காகத்தான் கார் வாங்கினார்கள். ஆத்தூரில் ஒரு வாத்தியார் ஓட்டிய பழைய பெட்ரோல் கார். சின்ன வண்டி. வாத்தியாருடைய பொறுமை அதற்கும் வந்திருந்தது. ஏற்றத்தில் நான்கு பேர் உட்கார்ந்தால் மூச்சு வாங்கும். ஐந்தாவதாக ஒருவர் ஏறினால், அவர் இறங்கி நடந்து வந்தாலே முன்னால் போய்ச் சேர்ந்திருப்பார்.

கார் வாங்கிய முதல் வருஷம் தனபால் அதை ஒன்றும் செய்யவில்லை. இரண்டாம் வருஷம் அவருடைய போனுக்குள் ஒரு பையன் வந்து சேர்ந்தான். தினமும் ஓட்டுகிற காருக்கு முதன்முதலாக என்னென்ன அப்கிரேடு செய்யலாம் என்று வீடியோவில் பேசுகிற பையன். அவன் நிற்கும் இடத்தில் ரோடு நேராக, ஆள் நடமாட்டமே இல்லாமல், வானத்தின் விளிம்பு வரைக்கும் போகும். காற்று நிறையப் போகும் ஏர் ஃபில்டர், வாய் அகன்ற சைலன்ஸர், வண்டியைத் தரையோடு தாழ்த்தும் ஸ்பிரிங் என்று ஒவ்வொன்றையும் கையில் எடுத்துக் குழந்தையைக் காட்டுவதுபோலக் காட்டுவான். எஸ்டேட் குவார்ட்டர்ஸில் சிக்னல் சரியாகக் கிடைக்காது என்பதால், தனபால் பக்கத்துக் காட்டில் இருக்கும் பாறை மேல் ஏறி உட்கார்ந்து அவனைப் பார்ப்பார்.

அந்தக் காடு பெரியண்ணனுடையது. பெரியண்ணன் இந்த மலையிலேயே தலைமுறை தலைமுறையாக இருக்கிற விவசாயி. கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு, பட்டர் ஃப்ரூட் மரங்கள், சோற்றுக்குச் சாமை. தன் பாறை மேல் தினமும் ஒரு ரைட்டர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பார்த்து ஒருநாள் கேட்டுவிட்டார்.

"என்னங்க ரைட்டரே, நாள் தவறாம பாக்கறீங்க. படமுங்களா?"

"இல்லீங்கண்ணா. காருக்குப் பவர் ஏத்தறது எப்படின்னு சொல்றானுங்க."

"ஏத்துனா என்னங்க ஆவும்?"

"வேகமாப் போவுங்க."

பெரியண்ணன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு யோசித்தார். "முன்னால பஸ்ஸு போவுமுங்களே," என்றார்.

தனபாலை இந்த ஒரு வார்த்தை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. உண்மைதான். ஏற்காட்டுக்குப் போனாலும் சரி, குப்பனூருக்கு இறங்கினாலும் சரி, முன்னால் ஒரு பஸ்ஸோ, சில்வர் ஓக் ஏற்றிய லாரியோ, வளைவு வளைவாக நின்று போட்டோ எடுக்கிற சுற்றுலாக்காரர்களோ இருப்பார்கள். நாம் எவ்வளவு வேகமாகப் போவது என்பது அவர்கள் கையில் இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் நிற்பது என்பது மட்டுமே நம் கையில். எனவே இந்த ஊரில் ஓட்டுகிற காருக்கு முதலில் ஏற்றவேண்டியது நிற்கிற திறமை என்ற முடிவுக்கு அவர் வந்தார். அவரைப்பற்றி இன்றைக்கு யார் என்ன சொன்னாலும், இந்த முடிவு சரியான முடிவு என்பதைச் சொல்லிவிடவேண்டும்.

அடிவாரத்துக்குப் பக்கத்தில் ஜெப்சன் என்பவர் கார் அலங்காரக் கடை வைத்திருந்தார். வாசலில் நீல விளக்கு, உள்ளே ஸ்பாய்லர்களும் ஸ்டிக்கர்களும். தனபால் முதலில் அங்கேதான் போனார்.

"ஏர் ஃபில்டர், சைலன்ஸர், ரெண்டும் சேத்து ஸ்டேஜ் ஒன்னுன்னு சொல்லுவமுங்க சார். மலை மேல இருந்து வர்ற எல்லாரும் மொதல்ல அதத்தான் மாட்டுவாங்க," என்றார் ஜெப்சன்.

"மாட்டுனா ஏத்தத்துல நல்லா ஏறுங்களா தம்பி?"

ஜெப்சன் பொய் சொல்லிப் பழகாதவர். "ஏறுறது முன்ன மாதிரிதானுங்க ஏறும். ஆனா நல்லா ஏறுற மாதிரி சத்தம் வருமுங்க."

"பிரேக்குக்கு ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?"

"செவப்புக் கலர்ல ஒரு மூடி இருக்குதுங்க. பிரேக்கு மேல மாட்டுனா பெரிய பிரேக்கு மாதிரி தெரியும்."

தனபால் நன்றி சொல்லிவிட்டுச் சேலத்துக்குள் போனார். நல்ல பிடிப்புள்ள நான்கு டயர், முன் சக்கரங்களுக்கு உயர்ந்த ரக பிரேக் பேட், புதிய பிரேக் ஆயில், தொய்ந்துபோன ஷாக் அப்சார்பர்களுக்குப் பதில் புதியவை. இவ்வளவையும் ஒரு நல்ல பட்டறையில் போட்டுக்கொண்டு மலையேறினார். வளைவுகளில் கார் ரோட்டை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தது. பிரேக்கில் காலை வைத்ததும் நின்றது. முன்பெல்லாம் மிதித்த பிறகு கொஞ்ச தூரம் யோசித்துவிட்டுத்தான் நிற்கும். வழியில் வேண்டுமென்றே ஏழெட்டு இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்து, சந்தோஷத்தில் ஒரு டீ குடித்துவிட்டு வீடு வந்து சேர்ந்தார்.

மறுநாள் மலரை ஏற்றிக்கொண்டு போனார். ஏற்காடு வரும்வரை அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார். மருத்துவமனை வாசலும் வந்துவிட்டது.

"ஏதாச்சும் வித்தியாசம் தெரியுதா?" என்று அவரே கேட்டார்.

மலர் காருக்குள் சுற்றிப் பார்த்தாள். "சீட் கவரைத் தொவச்சீங்களா?"

"இல்ல."

"தொவைங்க. ஈர வாடை அடிக்குது," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

தனபால் வாழ்க்கையில் சரியானதைத் தேர்ந்தெடுத்த சந்தர்ப்பங்கள் உண்டு. அவையெல்லாம் பிறர் கண்ணில் படக்கூடியவையாக இருந்தன. பிரேக் பேட் சக்கரத்துக்குள்ளே இருக்கிறது. பிரேக் ஆயில் குழாய்க்குள்ளே இருக்கிறது. டயர் மட்டும் வெளியே தெரியும். அதனால் எஸ்டேட் ஆபீஸ் முன்னால் காரை நிறுத்தும்போது, டயரின் புதுப் பட்டைகள் வருகிறவர்களுக்குத் தெரியும்படி ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக ஒடித்து நிறுத்துவார். ஒரு வாரம் போனது. மேனேஜர் மட்டும் ஒருநாள் நின்று பார்த்தார். "தனபால், ஸ்டியரிங்கை நேராக்கி நிறுத்துங்க, ஜீப்பு போறதுக்கு எடம் பத்தல," என்றார். பெரியண்ணன் ஒருவர்தான் டயரைப்பற்றியே பேசினார்.

"டயரு புதுசாட்டம் இருக்குதுங்களே. பழசு வெடிச்சுருச்சுங்களா?"

"வெடிக்கலீங்கண்ணா. நல்லாத்தான் இருந்துது. இதுல கிரிப்பு சாஸ்தி."

"நல்லா இருந்ததை எதுக்குங்க மாத்தினீங்க?" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டுவிட்டுப் போனார் அவர்.

சொன்னால் புரியாது, காட்டினால்தான் புரியும் என்று தனபால் நினைத்தது அன்றைக்குத்தான். காலையில் மலரோடு ஏற்காட்டுக்குப் போகும்போது வழியில் நிற்கிறவர்களை ஏற்றிக்கொள்வது வழக்கம். அந்த வழக்கம் டெமோ காட்டுவதற்கு வசதியாக இருந்தது.

முதல் டெமோ பெரியண்ணனுக்கும் அவருடைய அக்கா பொன்னாயிக்கும் நடந்தது. மலருக்கு அன்று லீவு. முன் சீட்டில் பெரியண்ணன், பின் சீட்டில் பொன்னாயி, அவர் மடியில் பட்டர் ஃப்ரூட் நிறைந்த கூடை. மரத்திலேயே நன்றாக விளைந்து, வீட்டில் பழுக்கவைத்து, அன்றைக்கே விற்றுவிடவேண்டிய பதத்தில் இருந்த பழங்கள். தனபால் கண்ணாடியில் பின்னால் வண்டி வரவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டார். அந்த விஷயத்தில் பொறுப்பானவர். ஒரு இறக்கத்தில் லேசாக வேகம் எடுத்து, மிதித்தார்.

கார் அருமையாக நின்றது. கோடு போட்டதுபோல நேராக, சறுக்காமல், சத்தம் போடாமல். ஆனால் காருக்குள் இருந்தவற்றுக்கெல்லாம் பிரேக் போடவில்லை. பெரியண்ணனின் தலைப்பாகை முன் கண்ணாடியில் போய் உட்கார்ந்தது. பழங்களில் பாதி முன்னால் வந்து டேஷ்போர்டிலும் கியரிலும் தனபாலின் கழுத்திலும் நின்றன.

ரோட்டில் எதுவும் இல்லை என்பதைப் பொன்னாயி எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

"எதுக்கு சாமி நிப்பாட்டுன?"

"எப்படி நிக்குதுன்னு காட்டறதுக்குங்கக்கா."

"நிக்கறதைப் பாக்கறதுன்னா நான் எங்கூட்டு வாசல்லயே நின்னுருப்பேனே. ஏற்காட்டுக்குப் போறதுக்குல்ல வண்டி ஏறுனேன்."

தனபால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே பிரேக் பேட் எந்தப் பொருளால் ஆனது, சூடானாலும் ஏன் வழுக்காது என்று ஏற்காட்டு ஏரிக்கரை வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தார். பழத்துக்கு விலையும் கொடுத்துவிட்டார். பொன்னாயி அதை வாங்கிக்கொண்டு, அதன் பிறகு அந்தக் காரில் ஏறவில்லை.

அடுத்தடுத்து தபால்காரர், அங்கன்வாடி டீச்சர், சர்ச்சுக்குப் போகிற ஒரு குடும்பம் என்று டெமோக்கள் நடந்தன. நானும் ஒருமுறை ஏறினேன். முன்கூட்டியே தெரிந்திருந்ததால் கதவுக்கு மேலே இருக்கும் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே போனேன். தனபால் மிதிக்கவே இல்லை. "நீங்க ரெடியா இருக்கீங்க. அப்பறம் எப்படிங்க தெரியும்?" என்றார். ஏற்காட்டில் இறங்கும்போது என் தோள்பட்டை மரத்துப்போயிருந்தது.

மேனேஜரின் ஜீப் ரிப்பேராகி, அவர் ஒருநாள் காரில் ஏறினார். மேனேஜருக்கு டெமோ காட்டக்கூடாது என்ற தெளிவு தனபாலுக்கு இருந்தது. மிக மெதுவாக ஓட்டினார். பாதி வழியில் ஒரு நாய் உண்மையாகவே குறுக்கே வந்தது. தனபால் மிதித்தார், நாய் பிழைத்தது. மேனேஜரின் மூக்குக்கண்ணாடி மட்டும் சீட்டுக்கு அடியில் போய்விட்டது. அதைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, தனபாலைக் கனிவாகப் பார்த்தார் மேனேஜர்.

"லைசென்ஸ் எடுத்து எவ்வளவு நாள் ஆச்சு தனபால்?"

"பத்து வருஷத்துக்கு மேல ஆச்சுங்க சார்."

"பரவாயில்ல. பயப்படாம ஓட்டுங்க. போகப் போகக் கை வந்துரும்."

தனபாலுக்கு இன்னும் வண்டி ஓட்டப் பழகவில்லை என்ற செய்தி அன்று மாலைக்குள் எஸ்டேட் முழுக்கப் பரவியது. எங்கள் மலையில் இருப்பதிலேயே நன்றாக நிற்கும் காரை வைத்துக்கொண்டிருந்த மனிதருக்கு, எங்கள் மலையிலேயே மோசமான டிரைவர் என்ற பெயர் வந்தது.

இந்த அவமானத்தோடுதான் அவர் மறுபடியும் ஜெப்சனின் கடைக்குப் போனார். ஜெப்சன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"பிரேக்கை யாரு சார் பாப்பாங்க? சைலன்ஸருன்னா பாக்கவே வேண்டாம், காதுலயே விழும்," என்றார்.

அந்த நேரத்தில் தனபாலுக்கு இது மிகப் பெரிய உண்மையாகப் பட்டது. போனில் வந்த பையனும் இதைத்தானே சொன்னான் என்று தோன்றியது. வாய் அகன்ற, பளபளவென்ற சைலன்ஸர் ஒன்றைப் போட்டுக்கொண்டு குப்பனூர் வழியாக மலையேறினார். கொட்டச்சேட்டில் நாங்கள் லாரி ஏதோ கவிழ்ந்துவிட்டது என்று ரோட்டுக்கு ஓடிவந்தோம். வளைவு வளைவாகச் சத்தம் ஏறி வந்து, கடைசியில் அதற்கு முன்னால் தனபாலின் சின்னக் கார் பழைய வேகத்திலேயே வந்தது.

"ஏனுங்க ரைட்டரே, அடியில ஓட்டை விழுந்துருச்சுங்க," என்று பெரியண்ணன் ஓடிப்போய்ச் சொன்னார்.

"ஓட்டை இல்லீங்கண்ணா. புது சைலன்ஸரு. பவர்."

"இதையும் நல்லா இருந்ததை எடுத்துட்டா போட்டீங்க?"

ஆனால் ஜெப்சன் சொன்னது பலித்தது. எல்லோரும் கவனித்தார்கள். இளவட்டங்கள் காரைச் சுற்றி நின்று போட்டோ எடுத்தார்கள். "எஞ்சின்ல என்னங்கண்ணா பண்ணியிருக்கீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார்கள். எஞ்சினில் ஒன்றும் செய்யவில்லை என்பதைத் தனபால் சொல்லவில்லை. "நொம்ப நாள் ஆராய்ச்சி கண்ணு," என்றார். பிரேக் பேட் பற்றியும் சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் அவர்கள் ஆக்சிலேட்டரை ஒருமுறை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினார்.

சைலன்ஸரை மனதார வாழ்த்தியவர்கள் எஸ்டேட்டில் களை வெட்டுகிறவர்கள். முன்பெல்லாம் ரைட்டர் எப்போது வந்து நிற்பார் என்று தெரியாமல் நாள் முழுக்கக் குனிந்தே வேலை செய்யவேண்டும். இப்போது அவர் ஆபீஸில் காரை ஸ்டார்ட் செய்தாலே கடைசிக் காட்டில் கேட்டது. வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிதானமாகத் துப்பிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மண்வெட்டியை எடுத்து நான்கு வெட்டு வெட்டுவதற்குச் சரியாகத் தனபால் வந்து சேர்வார். எந்தக் காட்டுக்குப் போனாலும் எல்லோரும் மும்முரமாக வேலை செய்துகொண்டிருப்பதைப் பார்த்து அவர் பூரித்துப்போனார். ஆட்கள் இப்போதெல்லாம் முன்போல் ஏய்ப்பதில்லை என்று மேனேஜரிடம் சொன்னார். களை மட்டும் ஏன் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்திருக்கிறது என்று பார்க்க மேனேஜர் ஒருநாள் நடந்தே காட்டுக்குப் போனார். சில்வர் ஓக் அடியில் பாதிப் பேர் படுத்திருந்தார்கள். மேனேஜர் திரும்பி வந்து, இனிமேல் காட்டுக்குப் போகும்போது காரை எடுக்கக்கூடாது என்று மட்டும் சொன்னார்.

மலர் மருத்துவமனைக்கு முன்னால் இறங்குவதை நிறுத்திவிட்டாள். "ஏரிக்கிட்டயே நிப்பாட்டிருங்க. நடந்தே போயிக்கறேன்," என்றாள்.

"எதுக்கு? வாசல்லயே விடறேனே."

"நேத்து வார்டுல ரத்தக்கொதிப்புக்கு வந்தவங்க நாலு பேரு, இந்தச் சத்தத்துல எந்திரிச்சு உக்காந்துட்டாங்க. டாக்டரு யாரு வண்டின்னு கேட்டாரு. தெரியாதுன்னு சொல்லிட்டனுங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. பொய் சொல்ல நேர்ந்ததில் அவளுக்கு வருத்தம். தனபால் ஒரு வாரம் ஏரிக்கரையில் இறக்கிவிட்டார். அவள் கைப்பையும் சோற்றுப் போசியுமாக நடந்து போவதைப் பார்க்கும்போது மனசுக்குள் என்னவோ செய்தது. பழைய சைலன்ஸரைத் தேடிப்பார்த்தார். ஜெப்சன் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டிருந்தார்.

மே மாதம் வந்தது. கோடை விழாவுக்குக் கீழேயிருந்து வந்த வண்டிகள் மலை முழுக்க நின்றன. பஸ்கள் மேலே ஏற முடியாமல் பாதி வழியிலேயே திரும்பின. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஏற்காட்டில் மிளகு விற்றுவிட்டு நின்ற பெரியண்ணனுக்கு வீடு திரும்ப வேறு வழியே இல்லை. தனபாலின் கார் வந்தது. பெரியண்ணன் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஏறினார்.

"ரைட்டரே, காட்ட வேண்டாங்க. எனக்குத் தெரியுங்க," என்றார் முதலிலேயே.

"இல்லீங்கண்ணா. அதெல்லாம் உட்டாச்சு," என்றார் தனபால். உண்மையாகவே விட்டுவிட்டிருந்தார். அவர் அந்த நாட்களில் கொஞ்சம் சோர்ந்துபோயிருந்தார்.

கொட்டச்சேட்டுக்குச் சற்று முன்னால், இரண்டு பக்கமும் காப்பிச் செடிகள் ரோடு வரைக்கும் வருகிற இடத்தில், ஒரு காட்டெருமை செடிகளை விலக்கிக்கொண்டு வெளியே வந்தது. நல்ல கிடா. ரோட்டின் நடுவில் குறுக்காக நின்றது. தனபாலுக்கு யோசிக்க நேரமில்லை, மிதித்தார். கார் நின்றது. காட்டெருமையின் விலாவுக்கும் பானெட்டுக்கும் நடுவில் ஒரு ஆள் தாராளமாக நடந்து போகும் இடம் இருந்தது. ஏறியதிலிருந்தே பிடியைப் பிடித்திருந்த பெரியண்ணன் சீட்டோடு இருந்தார், எங்கேயும் போய் இடிக்கவில்லை. சைலன்ஸர் உறுமிக்கொண்டிருந்தது. காட்டெருமை அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாமல் அசைபோட்டது.

தனபாலின் முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது. இத்தனை மாதங்களாக அவர் காட்ட நினைத்தது, அவர் காட்டாமலேயே நடந்துவிட்டது. மெல்லப் பெரியண்ணன் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களாங்கண்ணா?"

பெரியண்ணன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் பின்னால் வந்த சுற்றுலா வேன் காரின் டிக்கிக்குள் வந்துவிட்டது.

யாருக்கும் அடியில்லை. வேனின் முன்பக்கம் நசுங்கியிருந்தது. காரின் டிக்கி பாதியாகச் சுருங்கி, சைலன்ஸர் தட்டையாகிச் சத்தம் நின்றுபோயிருந்தது. வெகுநாளைக்குப் பிறகு அந்த இடத்தில் காடு எப்படி அமைதியாக இருக்கும் என்று தெரிந்தது. வேன் டிரைவர் இறங்கி ஓடிவந்தார். சின்ன வயசுக்காரர். பயத்தில் சண்டைக்கு வந்தார்.

"என்னங்க சார் இது, நடுரோட்டுல இப்படி டக்குனு நிறுத்துறீங்க?"

"மாடு நிக்குது பாருங்க," என்று கையைக் காட்டினார் தனபால்.

"மாடு நின்னா? நானும் பிரேக் அடிச்சேங்க சார். உங்க வண்டி நிக்கிற மாதிரி எந்த வண்டி சார் நிக்கும்?"

தனபால் சண்டை போடத்தான் இறங்கினார். இதைக் கேட்டதும் அவருக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை.

"மறுபடி சொல்லுங்க," என்றார்.

"என்னங்க சார்?"

"கடைசியாச் சொன்னீங்களே."

டிரைவர் விழித்தார். தனபால் அவர் தோளில் கையைப் போட்டு முன் சக்கரத்துப் பக்கம் அழைத்துப் போனார். குனியச் சொன்னார். பேட் எங்கே இருக்கிறது என்று போனில் டார்ச் அடித்துக் காட்டினார். மலையில் ஓட்டுகிற வண்டிக்குப் பவரைவிட இது ஏன் முக்கியம், பிரேக் ஆயிலை மாற்றாமல் விட்டால் இறக்கத்தில் கொதித்து எப்படிக் கைவிடும், டயர் எவ்வளவு தேய்ந்தால் மாற்றவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வேனிலிருந்து இறங்கிய ஈரோட்டுக் குடும்பமும் சுற்றி நின்று கேட்டது. ஒருவர் வீடியோ எடுத்தார். இரண்டு பக்கமும் வண்டிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. காட்டெருமை எதிர்ப்பக்கத்துச் செடிக்குள் இறங்கிப் போய் வெகு நேரமாகியிருந்தது.

பெரியண்ணன் கார் ஜன்னலில் தலையை நீட்டினார். "மாடே ஊட்டுக்குப் போயிருச்சுங்க ரைட்டரே. நாமளும் போலாங்களா?"

இன்சூரன்ஸ் சர்வேயர் ஒருவர் சேலத்திலிருந்து வந்து பார்த்தார். பின்னால் அடிபட்ட காரைப் பார்க்க வந்தவரைத் தனபால் முன் சக்கரத்தின் பக்கமே மூன்று முறை இழுத்துக்கொண்டு போனார். கம்பெனியில் கொடுத்ததைத் தவிர வண்டியில் வேறு ஏதாவது மாற்றியிருக்கிறீர்களா என்று சர்வேயர் சம்பிரதாயமாகத்தான் கேட்டார். அதற்கு ஒரு மணி நேரம் பதில் கிடைத்தது. அந்தப் பதிலின் காரணமாகவே சைலன்ஸருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. டிக்கிக்கு மட்டும் ஏதோ கொடுத்தார்கள். பட்டறைக்காரர் டிக்கியைத் தட்டி நிமிர்த்தி, கம்பெனி சைலன்ஸர் புதிதாக ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். மூடினால் டிக்கி மூடிக்கொள்ளும், ஆனால் அதன் மேல் யாராவது ஒருமுறை உட்காரவேண்டும்.

தனபால் எதிர்பார்த்தது, இனிமேலாவது ஊர் தன் பிரேக்கைப் புரிந்துகொள்ளும் என்று. ஊர் புரிந்துகொண்டது. நல்ல பிரேக் போட்டால் பின்னால் வந்து இடிப்பார்கள் என்று புரிந்துகொண்டது. எஸ்டேட் ஜீப்புக்குப் பிரேக் பேட் மாற்றவேண்டிய நேரம் வந்தபோது, "ரொம்ப நல்லதாப் போட்டுடாதீங்க, தனபாலுக்கு ஆன மாதிரி ஆயிரும்," என்று மேனேஜரே சொன்னாராம். இளவட்டங்கள் நான்கைந்து பேர் ஜெப்சனிடம் போய்த் தனபால் அண்ணன் போட்டிருந்த அதே சைலன்ஸர் வேண்டும் என்று வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். ஜெப்சன் தனபாலுக்குப் போன் செய்து நன்றி சொன்னார். பின் பம்பருக்குப் பின்னால் மாட்டுகிற இரும்புக் குழாய் ஒன்று புதிதாக வந்திருப்பதாகவும் சொன்னார்.

தனபால் அதற்குப் போகவில்லை. பாறைக்கும் போவதில்லை. போனில் வந்த பையன் இப்போது யாருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறானோ தெரியவில்லை.

கார் பட்டறையில் கிடந்த நாட்களில் மலர் பஸ்ஸில் போய் வந்தாள். அப்போதே ஒரு முடிவுக்கு வந்திருக்கவேண்டும். கார் திரும்பி வந்ததும், தான் ஓட்டப் பழகப்போவதாகச் சொன்னாள். மலை ரோட்டில் பழகுவது கஷ்டம், முதலில் இதற்கென்று சில விஷயங்களை ஆராயவேண்டும் என்று தனபால் ஆரம்பித்தார். அவள் அவர் பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, மறுவாரமே ஏற்காட்டில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டாள். லைசென்ஸும் வந்தது.

மலர் ஓட்டுவதை ஓட்டுவது என்று சொல்லலாமா என்பதில் தனபாலுக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு. இரண்டாவது கியரைத் தாண்டமாட்டாள். எஞ்சின் அழுதுகொண்டே போகும். வளைவு தெரிகிற இடத்திலிருந்து வளைவு முடிகிற இடம்வரை ஹாரனிலிருந்து கையை எடுக்கமாட்டாள். எதிரில் பஸ் வந்தால் ஓரங்கட்டி எஞ்சினையே நிறுத்திவிடுவாள். பின் சீட்டில் இருக்கிறவர்களிடம் பேசும்போது திரும்பிப் பார்த்துத்தான் பேசுவாள், அது மரியாதை என்பது அவள் எண்ணம். ஆனால் பொன்னாயியும் அங்கன்வாடி டீச்சரும் அந்தக் காரில் நிம்மதியாக ஏறுகிறார்கள். பெரியண்ணன் பட்டர் ஃப்ரூட் கூடையைக்கூட ஏற்றி அனுப்புகிறார். டிக்கியை மூடுவதற்கு அவரே ஏறி உட்கார்ந்து கொடுக்கிறார்.

"மூணாவது கியர் போடு," என்பார் தனபால், இடது சீட்டிலிருந்து.

"ரெண்டுலயே போவுதுங்களே. எதுக்கு?"

"எஞ்சின் சூடாவும்."

"சூடானா நின்னுக்கலாம். நல்லாத்தான நிக்குது."

இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா என்று தனபால் என்னிடம் ஒருநாள் கேட்டார்.

சென்ற மாதம் மலர், உட்கார்ந்தால் ரோடு சரியாகத் தெரியவில்லை, சீட்டை உயர்த்த முடியுமா என்று கேட்டாள். தனபாலுக்கு உற்சாகம் வந்துவிட்டது. உயரம் மாற்றக்கூடிய சீட்டுகளில் எத்தனை வகை, எது இந்த வண்டிக்குப் பொருந்தும், நம் ரோட்டுக் குலுக்கலுக்கு எது தாங்கும் என்று விசாரிக்க ஆரம்பித்தார். அவர் விசாரித்து முடிப்பதற்குள் மலர் ஒரு பழைய கம்பளியை நான்காக மடித்துச் சீட்டில் போட்டு, மேலே துண்டை விரித்து ஊசிநூலால் தைத்துவிட்டாள். இப்போது அவளுக்கு ரோடு முழுக்கத் தெரிகிறது. தனபாலின் சீட் பழைய உயரத்திலேயே இருக்கிறது. காலையில் பனி விலகுகிற நேரத்தில் கார் ஏற்காட்டுக்கு அழுதுகொண்டே ஏறும்போது, அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, வலது காலால் தரை விரிப்பை மிதித்து மிதித்து, சில்வர் ஓக் உச்சிகளைப் பார்த்துக்கொண்டு போகிறார்.